மடுதான் எருமையின் வியர்வை: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

ஊர்க்கோடியில் உள்ள மடுவில் பாதியை மண் கொட்டி நிரப்புவது, மீதியைச் சுற்றிக் கம்பிவேலி அடைப்பது, அணைக்கட்டில் நிற்கிற மருதையும் நாவலையும் தறித்துவிட்டு இன்டர்லொக் கல் பதித்து நடைபாதை போடுவது என்று சபை அமர்வில் தீர்மானித்திருக்கிறீர்கள். அதற்கான பலகையும் நட்டாயிற்று. பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் இன்னொரு பலகை நிற்கிறது: "கால்நடைகள் உட்பிரவேசிக்கத் தடை." நான் எழுத வந்தது முக்கியமாக இந்த இரண்டாவது பலகையைப் பற்றி.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் எருமைப்பட்டி வைத்திருந்தவரின் மகள். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பட்டியை இப்போது அண்ணன் பார்க்கிறார். ஊர்ப் பட்டிக்காரர்கள் கையெழுத்து வைத்துத் தந்த மனுவுக்கு உங்களிடமிருந்து இன்றுவரை ஒரு வரிப் பதில் இல்லை. அதனால்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டியிருக்கிறது.

அமர்வில் உறுப்பினர் ஒருவர் சொன்னதைப் பார்வையாளர் வரிசையில் இருந்து கேட்டேன். "குடிக்கத் தண்ணிதானே வேணும்? சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டிப் பவுசரால நிரப்பி விடுவம். எருமை கிடந்து கலக்கிற மடுவை ஊர்ச் சனத்துக்கு அழகாக்கிக் குடுப்பம்." மேசையைத் தட்டி வரவேற்றார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் எருமை மடுவில் ஏன் கிடக்கிறது என்பதை அந்தச் சபையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சோம்பல், அழுக்கு, பழக்கம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒருசீர்த்திடநிலை என்று ஒரு பாடம் உண்டு. வெளியே என்ன நடந்தாலும் உடம்புக்குள் நிலைமை மாறாமல் காப்பது. மனித உடம்பின் உள்வெப்பம் 37 பாகை செல்சியசை ஒட்டியே நிற்க வேண்டும். மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் பரிவகக்கீழ் என்ற சிறு பகுதி குருதியின் சூட்டை ஓயாமல் கவனிக்கிறது. சூடு கூடினால் தோலுக்கு ஓடும் குருதிக் குழாய்களை விரிக்கிறது, வியர்வைச் சுரப்பிகளை வேலை செய்ய வைக்கிறது. நம் தோலில் அப்படி 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை சுரப்பிகள் இருக்கின்றன. வெயிலில் நின்று வெள்ளாமை வெட்டுகிறவர் மணிக்கு ஒரு லீற்றர் வியர்வை விடுவது புதுமையில்லை. அந்த ஒரு லீற்றரும் தோலிலிருந்து ஆவியாகிப் போனால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் இதில் நிபந்தனை. சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுகிற வியர்வையால் பெரிய பலன் இல்லை. வாவியோரத்தில் காற்று அசையாத பின்னேரங்களில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தும் புழுக்கம் தீராததற்கு இதுதான் காரணம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வைக்குப் போக இடமில்லை.

கச்சான் என்கிற கோடைக்காற்று வீசுகிற நாட்களில் கதை வேறு. காற்று வறண்டது, வியர்வை வந்த மாதிரியே தெரியாமல் காய்ந்துவிடும். ஆனால் காற்றின் சூடு நமது தோலின் சூட்டை, அதாவது 35 பாகையை எட்டிவிட்டால், காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கிற வழி அடைபட்டுவிடுகிறது. கொடுப்பதற்குப் பதிலாக வாங்கத் தொடங்குகிறோம். அப்போது உடம்பைக் காப்பாற்றுவது ஆவியாதல் ஒன்றுதான்.

இந்தச் சிக்கல் எல்லாச் சூட்டுக் குருதி விலங்குகளுக்கும் உண்டு, ஒவ்வொன்றும் தனக்கேற்ற வழியைப் பிடித்திருக்கிறது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது. கோழி சொண்டைத் திறந்து, செட்டையை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு நிற்கிறது. யானை காதை வீசுகிறது. சூட்டைத் தானாக நிறுத்தி வைக்க முடியாத முதலைகூட, வாவிக் கரையில் வாயைப் பிளந்து கிடந்து தலைச் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். திமில் உள்ள நாட்டு மாடு நன்றாக வியர்க்கும், அதனால்தான் வெட்டை வெளியில் நின்று மேய்கிறது.

எருமையால் அது முடியாது. அதன் தோலில் வியர்வைச் சுரப்பிகள் நாட்டு மாட்டினுடையதில் ஒரு சிறு பங்குதான். தோல் கறுப்பு. வெயிலைத் தடுக்க அடர்ந்த மயிரும் இல்லை. ஒரே வெளியில், ஒரே வெயிலில் மாட்டையும் எருமையையும் கட்டி வைத்தால் எருமையின் உடம்புச் சூடுதான் முதலில் ஏறும். ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டையும் நிழலுக்கும் தண்ணீருக்கும் கொண்டு வந்தால் எருமைதான் முதலில் ஆறும். குருதிக் குழாய்கள் நிறைந்த அந்தத் தோல், மயிர் மறைப்பு இல்லாததால், வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடகடவென்று கொடுத்துவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சேற்றில் புரள்வதும் சும்மா அல்ல. வெறும் தண்ணீர் தோலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். சேறு ஈரத்தைப் பிடித்து வைத்திருந்து, மேயப் போன பிறகும் முதுகிலிருந்து மெல்ல மெல்ல ஆவியாகிக் குளிரூட்டும். இலையானும் உண்ணியும் அண்டாது.

அதனால் எங்களுடைய எருமைகள் யாரும் சாய்க்காமலே வெயில் ஏறும் நேரத்தில் மடுவுக்குப் போய்விடும். கச்சான் காலத்தில் மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரியும். வெயில் தாழ்ந்த பிறகு கரையேறி, இரவிலும் விடியற்காலையிலும் மேயும். நமக்கு உடம்புக்குள்ளே இருந்து சுரக்கிற வியர்வை அதற்கு வெளியே, ஊர்க்கோடியில், மடுவாக இருக்கிறது. அதைத்தான் நீங்கள் நிரப்பப் போகிறீர்கள்.

சரி, தொட்டித் தண்ணீருக்கு வருவோம். கணக்கு எளிது, என் மாணவர்களுக்குக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். 400 கிலோ எடையுள்ள ஓர் எருமை உங்கள் தொட்டியிலிருந்து 40 லீற்றர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறது என்று வையுங்கள். தண்ணீர் 30 பாகை, எருமையின் உடம்பு 38.5 பாகை. அந்த 40 லீற்றரும் உடம்புச் சூட்டுக்கு வருவதற்கு எடுத்துக்கொள்வது 340 கிலோகலோரி. அவ்வளவுதான். அந்தளவு பெரிய விலங்கு சும்மா படுத்திருந்தாலே மணிக்கு 250 கிலோகலோரிக்கு மேல் வெப்பத்தை உள்ளே உண்டாக்கும், பால் தருவது என்றால் இன்னும் கூட. அதாவது வயிறு முட்டக் குடித்த தண்ணீர், வெயிலின் சூட்டைக் கணக்கில் எடுக்காமலே, ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலத்துச் சூட்டைத்தான் சமாளிக்கும். ஆனால் அதே எருமையின் முதுகிலிருந்து 600 மில்லிலீற்றர் தண்ணீர் ஆவியானால் அதே 340 கிலோகலோரி போய்விடும். குடிக்கத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது கட்டாயம் வேண்டும். ஆனால் தொட்டியைக் கட்டிவிட்டு மடுவை மூடுவது, உழவு இயந்திரத்துக்கு டீசல் ஊற்றிவிட்டு றேடியேற்றரைக் கழற்றி எடுப்பது போன்றது.

இது புத்தகக் கணக்கு மட்டும் இல்லை. போன கச்சானில் என்ன நடந்தது என்று சபைக்குத் தெரியும், ஏனென்றால் முறைப்பாடு உங்கள் மேசையில் இருக்கிறது. வேலையைப் பொறுப்பெடுத்தவர்கள், இன்னும் தொடங்காத வேலைக்காக, மாடு இறங்கும் துறையில் கிரவலைக் கொண்டுவந்து குவித்துவிட்டுப் போனார்கள். மற்றக் கரைகள் செங்குத்து, எருமைக்கு இறங்க வசதியில்லை. மூன்றாம் நாள் மதியம் அண்ணனின் பட்டியில் சினை எருமை ஒன்று நின்ற இடத்தில் முன்கால் மடிந்து விழுந்தது. நாக்கு வெளியே, வாயில் நுரை, கண் சிவந்து மூச்சு வாங்கியது. கால்நடை வைத்தியர் வந்து வெப்பமானி வைத்தபோது 41 பாகையைத் தாண்டிக் காட்டியது. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். வைத்தியர் செய்ததும் அடிப்படையில் அதுதான்: தலையையும் உடம்பையும் நனை, விசிறு, நிழலுக்குக் கொண்டுபோ. மனிதருக்கு வெப்பத்தாக்கு வந்தால் செய்வதும் இதே. உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் நேரம்தான் உயிர்.

எருமை பிழைத்தது. அடுத்த நாள் சினை கலைந்து கன்றை இழந்தது. எருமை சினைப்பட்டால் ஈனுவதற்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள், அறியாதவர்கள் அதை ஒரு குடும்பத்தின் வருமானக் கணக்கில் வைத்துப் பாருங்கள். குவித்த கிரவல் இந்த மடலை எழுதும்போதும் துறையில்தான் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு பாதையைப் பட்டிக்காரர்களே மண்வெட்டியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

விழுந்த எருமை கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத நட்டம் அதைவிடப் பெரியது. அசைபோடும் விலங்கின் வயிற்றில் புல் புளிப்பதே ஒரு சூடு. சூடு தாங்காத எருமை முதலில் தீனியைக் குறைக்கும், உள்ளே உண்டாகும் வெப்பத்தைக் குறைக்க அதற்கு இருக்கிற வழி அது. குருதியில் கூடுதல் பங்கு தோலுக்குத் திரும்பும், மடிக்குப் போவது குறையும். பால் வற்றும். பருவத்துக்கு வருவதும் வெளியே தெரியாமல் போகும், எருமையில் அது சாதாரண நாட்களிலேயே கண்டுபிடிக்கக் கடினம். அன்று துறை அடைபட்ட நாட்களில் பால் சேர்க்க வருபவர் வெறும் கானோடு திரும்பினார். கொழும்பிலிருந்து வருகிற விருந்தினர் கையில் நீங்கள் பெருமையாகக் கொடுத்தனுப்புகிற தயிர்ச்சட்டி இந்த மடுவிலிருந்துதான் தொடங்குகிறது. மட்டக்களப்புத் தயிர் கட்டியாக இருப்பதற்கு எருமைப் பாலில் உள்ள கொழுப்பு ஒரு காரணம், நூற்றுக்கு ஏழுக்குக் குறையாமல் இருக்கும். சூட்டில் நொந்த எருமையிடம் அந்தப் பாலை எதிர்பார்க்க முடியாது.

இனி மரங்களைப் பற்றி. அணைக்கட்டு மரங்களைத் தறிப்பதற்குக் காரணம், வேர் கல்லைக் கிளப்பும், இலை கொட்டும் என்று சொன்னீர்கள். அந்த மருதைகள் 1978 நவம்பர் சூறாவளியில் ஊர்த் தென்னைகள் எல்லாம் படுத்தபோதும் நின்றவை என்று அப்பா சொல்வார். அதைக்கூட விடுங்கள். 2022 டிசம்பரை நினைத்துப் பாருங்கள்.

மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் திடீரென்று செத்துப் போயின. நோய் என்று முதலில் பயந்தார்கள், வடக்கு கிழக்கிலிருந்து இறைச்சி கொண்டுபோகத் தடைகூட வந்தது. கடுங்குளிர்தான் காரணம் என்று பிறகு கால்நடை அதிகாரிகள் சொன்னார்கள். வெயிலுக்குப் பேர்போன எங்கள் பக்கத்தில் குளிரால் சாவா என்று வெளியூர்க்காரர் பலர் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றும் இல்லை. மாட்டு மயிர் காய்ந்திருக்கும்போது இடையில் ஒரு காற்றுப் படையைப் பிடித்து வைத்து உடம்புச் சூட்டைக் காக்கும். விடாத மழையில் நனைந்ததும் அந்தப் படை போய்விடும். அதன் மேல் காற்று அடித்தால், ஆவியாதலும் சேர்ந்து, வெயிலில் உயிரைக் காத்த அதே பௌதிகம் உயிரை எடுக்கும். நடுங்கியாவது சூட்டை உண்டாக்க உடம்பில் தீனியும் கொழுப்பும் வேண்டும். மாரியில் வயல் முழுக்கப் பெரும்போக வெள்ளாமை, மேய இடமில்லாமல் மெலிந்து நின்ற மாடுகளிடம் அது இல்லை. கன்றுகள் முதலில் போயின, சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். எருமைக்கோ காப்பதற்கு அடர்ந்த மயிரே இல்லை.

அந்த இரவில் எங்கள் பட்டி அணைக்கட்டு மரங்களின் ஒதுக்கில் நின்றது. காற்றை அந்த மரங்கள் வாங்கிக்கொண்டன. வெளியில் நின்ற பக்கத்துப் பட்டியில் விடிந்தபோது பார்த்த காட்சியை இங்கே விவரிக்கப் போவதில்லை, அன்று வந்து படம் எடுத்துக்கொண்டு போன அதிகாரிகளிடம் அது இருக்கும். கோடையில் நிழல், மாரியில் காற்று மறைப்பு என்று இரண்டு வேலை செய்கிற மரங்களைத்தான் நீங்கள் இலை கொட்டுகிறது என்று தறிக்கப் போகிறீர்கள்.

நடைபாதையில் நடக்கப் போகிறவர்கள் மனிதர்கள், அவர்களுக்காவது இது நல்லதா? பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட்டும் இன்டர்லொக் கல்லும் பின்னேரம் முழுவதும் அதைத் திருப்பிக் கக்கும். நீங்கள் மனதில் வைத்திருப்பது நீரிழிவுக்கும் பிரஷருக்கும் நடக்கச் சொல்லி வைத்தியர் அனுப்பிய பெரியவர்களை. வயது போகப் போக வியர்வையும் குறையும், தாக உணர்வும் குறையும். அவர்களில் சிலர் உடம்பிலிருந்து நீரைப் போக்கும் குளிசையும் எடுக்கிறார்கள். மரம் இல்லாத கல்லுப் பாதையில் நான்கு மணிக்கு அவர்களை நடக்க விடுவதற்கு இவ்வளவு பணமா? மரத்தடியில் மண் பாதையாக விட்டாலே போதும். இலை தன் நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தைக் குளிர வைப்பதும் நமது வியர்வை செய்கிற அதே வேலைதான். மடுவை அழகாக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அழகு என்றால் கல்லும் விளக்குக் கம்பமும் என்று யார் சொல்லித் தந்தார்களோ தெரியவில்லை.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பிள்ளைகள் குளிக்கிற தண்ணீரில் எருமை கிடப்பது நல்லதல்ல. மாட்டு மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் கிருமி பரவலாம். இரவில் வீதியில் நிற்கும் மாடுகளில் மோட்டார் சைக்கிள் மோதிக் கை கால் முறிந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். பட்டிக்காரர்கள் சிலர் மாட்டைக் கவனிக்காமல் விடுவதும் உண்மை, அவர்களை நானே ஏசியிருக்கிறேன். ஆனால் மடுவை அடைத்தால் இந்தப் பிரச்சினைகளில் எது தீரும்? எருமை தண்ணீர் தேடும், தேடாமல் இருக்க அதன் உடம்பு விடாது. அடுத்த தண்ணீர் வாய்க்கால். வாய்க்காலுக்குப் போக வீதியைக் கடக்க வேண்டும். சிறுபோக நேரம் என்றால் வயலுக்குள் இறங்கி வரம்பை உடைக்கும், விவசாயிக்கும் பட்டிக்காரருக்கும் வெட்டுக்குத்து வரும். அப்புறம் சபை வந்து கட்டாக்காலி என்று பிடித்துக் கட்டித் தண்டம் கேட்கும். தண்ணீரை மூடியவர்களே தண்ணீர் தேடி வந்ததற்குத் தண்டம் அறவிடுவது என்ன நியாயம்?

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்காக 2023இல் பண்ணையாளர்கள் தொடர் போராட்டம் தொடங்கியபோது ஆதரவாகப் பேசிய குரல்கள் இந்தச் சபையிலும் இருக்கின்றன. தூரத்து மேய்ச்சல் தரை பறிபோவது அநியாயம் என்றால், ஊருக்குள் நாங்களே அடைக்கிற மடுவுக்கு என்ன பெயர் சொல்வது? அந்தக் கேள்வியை உங்களிடமே விடுகிறேன்.

இனி நாங்கள் கேட்பவை. முதலில், துறையில் கிடக்கும் கிரவலை இந்த வாரத்துக்குள் அகற்றுங்கள். அதற்குத் தீர்மானமோ மதிப்பீடோ தேவையில்லை, ஓர் உழவு இயந்திரமும் அரை நாளும் போதும். "கால்நடைகள் உட்பிரவேசிக்கத் தடை" என்ற பலகையையும் கழற்றுங்கள்.

மடுவை நிரப்பும் தீர்மானத்தை அடுத்த அமர்வில் இரத்துச் செய்யுங்கள். ஒதுக்கிய பணத்தில் மடுவைத் தூர்வாருங்கள். துறை இருக்கும் மேற்குப் பக்கத்தை எருமைக்கென்று விட்டு, கிழக்குப் பக்கத்தைக் குளிப்பவர்களுக்கென்று நடுவில் ஓர் அணை போட்டுப் பிரித்துவிடுங்கள். மேற்குப் பக்கத்தில் எருமை படுத்தால் முதுகு நனையும் அளவு தண்ணீர் ஆவணி முடியும்வரை நிற்க வேண்டும். அடியில் கொங்கிரீட் போட வேண்டாம், சேறு வேண்டும்.

அணைக்கட்டு மரங்களில் ஒன்றையும் தறிக்காதீர்கள். நடைபாதை வேண்டும் என்றால் மரவரிசைக்கு உள்ளே, நிழலில், மண் பாதையாகப் போடுங்கள். கரை வெறுமையாக இருக்கும் வடக்குப் பக்கத்தில் இந்த மாரிக்கே மருதையும் நாவலும் நடுங்கள், கன்றுகளைப் பாதுகாக்கிற பொறுப்பைப் பட்டிக்காரர்கள் எழுத்தில் ஏற்கத் தயார்.

குடிதண்ணீர்த் தொட்டியைக் கைவிட வேண்டாம், அதையும் கட்டுங்கள். ஆனால் மரநிழலில் கட்டுங்கள். வெயிலில் நிற்கிற சீமெந்துத் தொட்டியின் தண்ணீர் மதியத்தில் கொதிக்கும், மாடு வாய் வைக்காது.

இவை எல்லாவற்றையும் முடிவு செய்வதற்கு முன், அரச கால்நடை வைத்திய அதிகாரியையும், கமநல சேவை நிலைய உத்தியோகத்தரையும், விவசாய அமைப்பையும், பட்டிக்காரர்களையும் ஒன்றாக அழைத்து மடுக்கரையிலேயே ஒரு கூட்டம் வையுங்கள். மதியம் 12 மணிக்கு வையுங்கள். தொட்டி போதும் என்று சொன்ன உறுப்பினரும் தவறாமல் வர வேண்டும். போன கச்சானில் கன்றை இழந்த குடும்பத்துக்கு நட்டஈடு கொடுப்பதா இல்லையா என்பதையும் அந்தக் கூட்டத்தில் பட்டிக்காரர்கள் முன்னிலையில் சொல்லுங்கள்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம், அடுத்த மாதாந்த அமர்வுக்கு முன்னர். மனுவின் பிரதி உங்கள் காரியாலயத்தில் இருக்கிறது. தொலைந்திருந்தால் சொல்லுங்கள், இன்னொன்று தருகிறோம்.

இப்படிக்கு,
பட்டிக்காரர் ஒருவரின் மகளான விஞ்ஞான ஆசிரியை
படுவான்கரை, மட்டக்களப்பு